இடுப்பு வெச்ச பரங்கிக்காய்

சேரப்பணஞ்சேரியில நாங்க மூணு பொண்ணுங்க ஒரே ரூம்ல வாடகைக்கு இருந்தோம். மூணு பேரும் தென்காசிப் பக்கம், மூணு பேருக்கும் ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டி வேலை. நாள் பூரா அளக்குறதுதான் பொழப்பு. ரூமுக்கு வந்தாலும் கை சும்மா இருக்குமா? வீட்டுக்காரம்மா பின்பக்கம் போட்டிருந்த பரங்கிக்கொடியையும் அளக்க ஆரம்பிச்சோம்.

அந்தம்மாவுக்கு அது வெறும் கொடி இல்ல. பொண்ணை மண்ணூர்ல கட்டிக் கொடுத்திருந்தாங்க. தலைப்பொங்கல் சீர்ல போன பரங்கிக்காயைப் பாத்துட்டு சம்பந்தியம்மா, "இது இன்னா, எலுமிச்சம்பழமா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டாங்களாம். பொண்ணு அழுதுக்கிட்டே போன் பண்ணியிருக்கு. இந்தப் பொங்கலுக்குப் பெரிய காயா அனுப்பியே தீரணும்னு இவங்க கங்கணம் கட்டிக்கிட்டு, ஒரே ஒரு பிஞ்சை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுட்டாங்க.

நான் அந்தப் பிஞ்சைப் பாத்து விரலை நீட்டினேன், அவ்வளவுதான். "கைய மடக்குடி, விரல் காட்டுனா பிஞ்சு அழுகிப்பூடும்"னு வீட்டுக்காரம்மா ஒரு சத்தம் போட்டாங்க. அதுலருந்து டேப்பைக் கூட மடக்குன கையோடதான் பிடிச்சோம். காய் குடம் மாதிரி ஆனதும் அவங்களே தினம் வாசல்ல நின்னு, "இன்னிக்கு எவ்ளோ கீது?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

எங்க ரூம்காரி ஒருத்திக்குத் தினம் குனிஞ்சு அளக்குறது அலுத்துப்போச்சு. அட்டைப்பெட்டி கட்டுற பிளாஸ்டிக் பட்டையை, மார்க்கெட்டுல பாத்த பெரிய காயோட சுத்தளவுக்கு வளையமா ஒட்டி, காயோட நடுவுல மாட்டிவிட்டா. "ஏட்டி, இது இறுகுன அன்னைக்குக் காய் பாஸ்." எங்களுக்கும் சரின்னுதான் பட்டுச்சு. கம்பெனியில அளந்து வெச்ச சாமான் மறுநாளும் அதே சைஸ்லதானே கெடக்கும்!

அந்த வாரம் பூரா கம்பெனியில ஓவர்டைம். வளையம் பாத்துக்கும்னு வீட்டுக்காரம்மாவும் விட்டுட்டாங்க, ஒருத்தரும் பின்பக்கம் எட்டிப் பாக்கல. காய் பாஸாகி, பட்டைக்கு மேலயும் கீழயும் பிதுங்கி வளர்ந்து, நடுவுல இடுப்பு வெச்சிருந்துச்சு. பட்டையை வெட்டியும் இடுப்பு போகல.

"ஊரு சாமானெல்லாம் அளக்குறீங்களே, உங்க அறிவை ஒருநாளாச்சும் அளந்து பாத்தீங்களாடி?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. வேற காய் இல்ல, பொங்கலுக்கு நாளும் இல்ல. கரும்போட மஞ்சக்கொத்தோட அதையேதான் ஆட்டோவுல ஏத்துனாங்க.

பொங்கலன்னைக்குப் பொண்ணு போன் பண்ணுச்சு. வீட்டுக்காரம்மா ஸ்பீக்கரைப் போட்டாங்க.

"யம்மா, எங்க வூட்டுல இன்னிக்குப் பரங்கிக்காய் குழம்பே இல்ல. அத்தை அந்தக் காயை வெட்ட வுடல. கூடத்துல வெச்சு, வர்றவங்க கிட்டல்லாம், 'என் மருமவ வூட்டுச் சீரு, இந்த மாதிரி ஜாதிக் காய் எங்கயாவது பாத்துக்கீறீங்களா?'ன்னு கேட்டுக்கினு கீறாங்க."

வீட்டுக்காரம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு, போன்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "'என் மருமவ'ன்னு அவங்க வாயாலயேவா சொன்னாங்க?"