ஓரத்தை வெட்டிய டிஸ்க்

கோவளம் கடலில் எடுத்த ஒரு மாயாஜாலப் படத்தில், ராஜாவின் போர்ப்படகுக்குத் துடுப்புப் போட்டவர்களில் மீனவரான என் கணவரும் ஒருவர். தியேட்டரில், திரையின் இடது ஓரத்தில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அந்தப் படத்தின் டிஸ்க் வந்தது. அட்டையில் ‘தியேட்டரில் பார்த்தபடியே’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். போட்டுப் பார்க்காமலேயே தெருவையே வீட்டுக்கு அழைத்துவிட்டேன்.

படம் பளபளத்தது, சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. படகும் வந்தது. துடுப்பு மட்டும் தெரிந்தது, அவரைக் காணோம்.

“அண்ணாத்த, துடுப்பு தானா ஆடிக்கினு கீது!” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். கணவர் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் கடையில் போய்க் கத்தினேன். “படம் டிவி முழுக்க நெறஞ்சி தெரியணும்னு ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டாங்கம்மா. ஹீரோ நடுவுலதான கீறாரு, இன்னா கொறஞ்சிபோச்சி?” என்றார் கடைக்காரர்.

ஹீரோவா படகை ஓட்டினார்? அலையில் நனைந்து துடுப்புப் போட்டவர்களை வெட்டி எறிந்துவிட்டு, ‘பார்த்தபடியே’ என்று அச்சடிக்க வெட்கமாக இல்லையா?

இப்போதெல்லாம் எந்த டிஸ்க்கையும் நான் தனியாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் யாரையும் கூப்பிடுகிறேன். ஹீரோ பக்கம் என் கண் போவதே இல்லை. ஓரத்தில் யாருடைய கை மட்டும் தெரிகிறது என்றுதான் தேடுகிறேன்.