பால் கரைத்த தண்ணீர்

இரண்டாயிரங்களின் நடுவில், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். சாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் பட்டாசு ஆலை வெடித்த மூன்றாம் நாள், அங்கே தண்ணீரும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போன குழுவில் நானும் இருந்தேன். வேதியியல் முடித்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கி என்னைப் படிக்க வைத்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் ஜீப்பிலிருந்து இறங்கினேன்.

கந்தக வாடை இன்னும் போகவில்லை. காற்றை உறிஞ்சும் எந்திரத்தைச் சத்துணவுக் கூடத்து மாடியில் ஏற்றினோம். கீழே நின்ற ஒருவர், "செத்தவுகளுக்குத் துட்டி கேக்க வந்த பெரியாளுக காரை விட்டு எறங்கல. நீங்க காத்தைப் பிடிச்சு டப்பாவுல அடைக்க வந்தீகளாக்கும்" என்றார்.

தீயை அணைக்க அடித்த தண்ணீர் வெடிமருந்தையெல்லாம் கரைத்துக்கொண்டு ஓடை வழியே இறங்கியிருந்தது. ஓடையை ஒட்டி ஒரு வீட்டுக் கிணறு. அதில் பாட்டிலை இறக்கி எடுக்கும்போதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். இடுப்பில் கைக்குழந்தை. வாசல் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பால் பவுடர் டப்பா. குழந்தையின் தாய் அந்தத் தீயில் போய்விட்டாள். இவர் அவளுக்கு அக்கா; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆமத்தூரிலிருந்து வந்திருந்தார்.

"இந்தக் கிணத்துத் தண்ணியாக்கா?"

"ஆமா தாயி. நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கேன்."

வெடிமருந்தில் இருக்கும் நைட்ரேட் தண்ணீரில் கலந்தால், காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தத்தையே அது கெடுத்துவிடும். மேலதிகாரியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "முடிவு வராம எதுவும் சொல்லாதம்மா. ஊரே கூடிரும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் முடிவு வர நாளாகும். குழந்தைக்கு அடுத்த பால் இன்னும் கொஞ்ச நேரத்தில்.

திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டேன். "இது வேண்டாம்க்கா. குழாயில வர்ற ஆத்துத் தண்ணியப் பிடிச்சுக் குடுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தூக்கி, மண்ணில் ஊற்றினார்.

சாமான்களை ஏற்றியதும் நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை நோக்கி நடந்தேன். சாவு விழுந்த துட்டி வீட்டில் போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அக்காதான் பின்னாலேயே வந்தார்.

"ஏ பிள்ளே, சொல்லிட்டுப் போ. இங்கன வந்து சொல்லாமப் போனவுக ஒருத்தரும் திரும்பி வரல. தண்ணி என்னாச்சுன்னு நீயாவது வந்து சொல்லணும்ல."

"போயிட்டு வாரேன்க்கா" என்றேன். வாய் கூசியது.

முடிவு வந்தபோது, பயந்தபடியே நைட்ரேட் அளவுக்கு மீறியிருந்தது. அலுவலகத்திலிருந்து ஊராட்சிக்குத் தகவல் போனது. நான் லீவு போட்டு, பஸ் ஏறிப் போனேன். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் இறைக்காதபடி கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"தண்ணி எப்ப நல்லாகும் தாயி?"

"தெரியலக்கா."

அதுதான் உண்மை.

"தங்கச்சி வாக்கப்பட்டு வந்த வருசம் வெட்டுன கிணறு. இளநி மாதிரி இருக்கும்க்கா, வந்து குடிச்சுப் பாருன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருப்பா. எனக்குத்தான் வர நேரமில்லாமப் போச்சு."

அடுத்த வாரம் பிள்ளையை ஆமத்தூருக்குத் தூக்கிப் போகப் போவதாகச் சொன்னார். பஸ் வரும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் பட்டாசு ஆலையில் விபத்து என்று செய்தி வந்தால் எத்தனை பேர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்; எனக்கு மட்டும், விபத்து நடந்த ஊரில் இந்நேரம் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எந்தப் பிள்ளைக்குப் பால் கரைக்கிறார்களோ என்றுதான் மனது போகிறது.