லியோகாதி அத்தை அடித்த சுண்ணாம்பு

என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா லியோகாதி அத்தை. அவளைக் கட்டியவர் அனிசே மாமா. மாமாவின் தம்பி பெண்சாதி ஒதீல். இந்த இரண்டு ஓரகத்திகளுக்கும் ஆகவே ஆகாது. மாமனார் செத்ததும் சேன் ஆற்றுச் சரிவிலிருந்த பேரிக்காய்த் தோட்டத்தை நடுவில் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அதிலிருந்து யார் மரம் முதலில் பூக்கிறது என்பதுகூடச் சண்டைதான்.

ஒரு வசந்தத்தில் பாரிஸிலிருந்து ஒரு தாடிக்காரர் வந்து ஒதீல் பக்கத்தில் முக்காலி போட்டுப் படம் எழுத உட்கார்ந்தார். வேலியோரத்து ஒதீல் மரங்களைத்தான் எழுதுகிறார் என்று அத்தை நினைத்துக்கொண்டாள். ஒதீலும் அவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்துவிட்டு வேலிக்கு வருவாள்.

“என்னக்கா, உங்க பக்கம் யாரும் எட்டிக்கூடப் பாக்கலையா?”

அத்தைக்குச் சூப்பு தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் ஊரில் குளிர் போனதும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். அடிக்காதவளை மாதாகோயில் வாசலிலேயே சோம்பேறி என்பார்கள். அந்த வருஷம் மாமா இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டதால் அத்தை மரமெல்லாம் பாசி. ஒதீல் மரங்கள் வெள்ளை வெளேரென்று நின்றன.

“குளிக்காத புள்ள மாதிரி நிக்குதுங்களே, எவன் வரைவான்?” என்று புலம்பியவள், ஒரு சாயங்காலம் பாசியைச் சுரண்டி அத்தனைக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

மறுநாள் தாடிக்காரர் வந்து நிமிர்ந்து பார்த்தார். தூரிகை கையிலேயே நின்றுவிட்டது.

“யாரும்மா இதச் செஞ்சது? அந்தப் பாசியிலதானே ஊதாவும் பச்சையும் இருந்துச்சு! இந்த ரெண்டு மரத்து நடுவால வேலிக்கு அந்தப் பக்கம் பாத்து இத்தன நாளா அதத்தானே எழுதுறேன். பூவும் வெள்ளை, மரமும் வெள்ளை, இனி எதை எழுத?” என்று பெட்டியை மூடினார்.

ஒதீல் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்தினாள். படத்தில் இருப்பது அத்தையின் மரங்கள்தான் என்று அவள் வந்த முதல் நாளே பார்த்துவைத்திருந்தாள்.

வேலிச் சந்தில் புகுந்து வந்தாள் அத்தை. இடுப்பில் நீல ஏப்ரன், முழங்கை வரை சுண்ணாம்பு.

“தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு இருந்தியாடி?”

“நீங்க கேக்கலையேக்கா!”

“அப்படியே நில்லுங்கம்மா!” என்று கத்தினார் தாடிக்காரர். அந்த வெள்ளைக்கு நடுவில் நீலத்தைப் பார்த்துவிட்டார். பெட்டி மறுபடி திறந்தது.

ஒதீல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு அத்தை பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா. மறைக்குது.”

படத்தில் அத்தை கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலத் தீற்றல். முகம்கூடக் கிடையாது. “இது ஆளா, காயப்போட்ட துணியா?” என்று ஒதீல் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வசந்தத்தில் அவளே நீலத்தில் ஏப்ரன் தைத்துக்கொண்டு, பூத்த மரத்தடியில் காலையிலிருந்து நின்றாள். தாடிக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்றைக்கு அத்தைக்குச் சூப்பு இரண்டு கிண்ணம் இறங்கியது.