சொந்தப் பணம், சொந்த விருப்பம்

யூகெத் முப்பது வருஷம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தவள். சாக்கடையோ குடிநீரோ, எங்கள் நகராட்சி எதற்கு டெண்டர் விட்டாலும் எங்கள் கம்பெனிக்குத்தான் விழும். கனடாவில், எங்கள் கியூபெக் மாகாணத்தில், கம்பெனிகள் கட்சிக்கு நன்கொடை தரக்கூடாது. ஓட்டுரிமை உள்ள தனி ஆள்தான், அதுவும் வரம்புக்குள்தான் தரலாம் என்பது சட்டம். முதலாளி பெர்த்ரான் அதற்கும் வழி வைத்திருந்தார். இலையுதிர் காலத்தில் நாங்கள் ஆளுக்கொரு காசோலை மேயர் கட்சிக்கு எழுதுவோம். கிறிஸ்துமஸுக்கு அது போனஸாகத் திரும்பி வந்துவிடும்.

படிவத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'இது என் சொந்தப் பணம், என் விருப்பப்படி தருகிறேன்.' யூகெத் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை.

யூகெத்துக்குக் குடும்பம் என்றால் தம்பி நொர்மான்தான். அம்மா இறந்த பிறகு அவனை வளர்த்தது அவள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அவனுக்கு அவள் சொன்னதுதான் வேதவாக்கு. பள்ளி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு வருஷம் அந்த மேயரை எதிர்த்துத் தேர்தலில் நின்றான். எங்கள் கம்பெனி கட்டிய சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஊர்க் குழாய்களில் பழுப்புத் தண்ணீர் வந்தது. அதை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஊர் சிரித்தது, ஆனால் கதவைத் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் யூகெத்தும் அவள் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். நொர்மான் அந்தப் பாட்டிலோடு வந்து, மேயர் கட்சியின் நன்கொடையாளர் பட்டியலைச் சீட்டுகளின் மேல் வைத்தான். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பட்டியல்.

"யூகெத், இது யாரு?"

"நான்தான்."

"மேயருக்கு வரம்பு முழுசா குடுத்திருக்க. எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்தியா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கம்பெனி குடுக்கச் சொல்லிச்சா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

யூகெத்தின் ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். படிவத்தில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்கு அவளுக்கும் அபராதம் உண்டு. யூகெத் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். கோழை நான், வேறென்ன சொல்ல?

"என் சொந்தப் பணம்டா. நான் விருப்பப்பட்டுத்தான் குடுத்தேன்" என்றாள்.

அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தேர்தலில் தோற்றான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, அடுத்த ஐந்துக்கும் வரவில்லை. யூகெத் மட்டும் ஒவ்வொரு வருஷமும் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள்.

பிறகு நகராட்சி டெண்டர் ஊழல்களை விசாரிக்க ஒரு கமிஷன் வந்தது. அதை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். யூகெத் ஓய்வு பெற்றிருந்தாள். நாங்கள் சேர்ந்து பார்த்தோம். பெர்த்ரான் டை கட்டி உட்கார்ந்து, "எங்க ஊழியர்கள் சொந்தப் பணத்த, விருப்பப்பட்டுத்தான் குடுத்தாங்க" என்றார். யூகெத் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"நொர்மான், டிவி பாக்குறியா? அந்த ஆளு பொய் சொல்றான்டா. பணம் அவனோடது. எங்க பேரு மட்டுந்தான் எங்களோடது."

அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"ஊரே அது பெர்த்ரான் பணம்னுதான் சொல்லிச்சு. ஆறு வருஷமா நான் ஒருத்தன்தான் இல்லன்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன். எங்க அக்கா எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாள்னு."