லவெலுக்குக் கிடைத்த கடன்

மிசிசிப்பியில் கெளுத்தி மீன் ஆலையில் கத்தி பிடித்தே நரைத்தவன் லவெல் பிக்கெட். யாரிடமும் கைநீட்டியதில்லை. காருக்குக் கடன் வாங்கினாலும் தவணை தவறமாட்டான். அந்த மண்டைக்கனம் அவனுக்குக் கொஞ்சம் உண்டு.

மகள் ஷாண்ட்ரியாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் பெயரில் அரசாங்கம் கொடுத்த கடன் போதவில்லை. மிச்சத்துக்கு அப்பா பெயரிலும் அரசாங்கக் கடன் கேட்கலாம் என்றார்கள் கல்லூரியில். உன் சம்பளம் என்ன, எதை வைத்துக் கட்டுவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பழைய பாக்கி உண்டா என்று மட்டும் பார்த்தார்கள். இல்லை. உடனே கொடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு சர்ச்சில் மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறவன் என்று பாஸ்டர் அவனை எழுந்து நிற்கச் சொன்னார், சபையே கைதட்டியது.

பக்கத்து மேசையில் மீன் வெட்டும் கிளோவிஸும் மகனுக்காகக் கேட்டிருந்தான். ஆஸ்பத்திரி பாக்கி இருந்ததால் அவனுக்கு இல்லை என்றுவிட்டார்கள். பையன் பெயரிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கடன் கொடுத்து, அவன் தலையிலேயே கட்டினார்கள். ஆலையே கிளோவிஸைக் கிண்டலடித்தது. லவெலும்தான்.

நாலு வருஷமும் லவெல் கடனுக்குக் கையெழுத்துப் போட்டான். ஷாண்ட்ரியா பட்டம் வாங்கி, மெம்பிஸில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். வாடகை போக மிஞ்சியதை அனுப்புவாள். கட்டக் கட்ட வட்டி தின்றது. வாங்கியதைவிடக் கடன் பெருத்துவிட்டது.

இதற்குள் லவெலின் வலது மணிக்கட்டு போய்விட்டது. இனி கத்தியைத் தொடாதே என்றார் டாக்டர். அரசாங்கப் பென்ஷன் வாங்கும் வயதும் வந்துவிட்டது. ஆனால் வேலையை விட்டுத் தவணை நின்றால் அந்தப் பென்ஷனிலும் கை வைப்பார்கள். கடனை என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றாள் மகள். அதை நம்பி, வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை ஷாண்ட்ரியா வந்தாள். சமையலறையில் அப்பாவை எதிரே உட்காரவைத்து, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் கடன் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இருந்தவள் மரியாதையாகத்தான் பேசினாள். மாற்ற முடியாது என்றாள்.

“படிச்சது நான். பட்டம் என் பேர்ல. கட்டுறேன்னு நானே சொல்றேன். அப்புறம் என்ன?”

“கையெழுத்து உங்கப்பாவோடதும்மா. நீங்க பணம் கட்டலாம், ஆனா கடன் அவர் பேர்லதான் இருக்கும். அவர் இறந்துட்டா ரத்தாயிடும். உங்க தலையில விழாது.”

ஆறுதல் சொல்வதாகவே அவள் நினைத்திருக்க வேண்டும். லவெல் போன் பக்கம் குனிந்தான்.

“அதுக்கு அவசரம் ஒண்ணுமில்லம்மா,” என்றான்.

போனை வைத்தபிறகு மகள் அழுதாள். நீ என்ன செய்வாய், விடு என்றான்.

மறுநாள் மேஸ்திரியிடம் போய், நான் நிற்கவில்லை என்றான். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். வழியனுப்ப கேக் வாங்கி வைத்தாயிற்றே, வீணாக்குவானேன் என்று இடைவேளையில் வெட்டினார்கள். மேலே, லவெல், போய் வா என்று எழுதியிருந்தது. எல்லோரும் கீழே பார்த்தபடி தின்றார்கள்.

“சபையில கைதட்டு வாங்குன ஆளு நீ,” என்றான் கிளோவிஸ். “எனக்குத்தான் இல்லேன்னுட்டாங்க. என் பேர்ல கடனே கிடையாது.”

முன்பு லவெல் கிண்டலடித்ததற்குப் பதிலடியாகச் சொல்லவந்தவன்தான். ஆனால் அவனாலும் சிரிக்க முடியவில்லை. மணி அடித்தது. லவெல் இடது கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனான்.