பருப்பு வெந்த தண்ணீர்

பக்கத்து வீட்டுப் பெண் கைலாயம் போய் வந்தாளாம். மானசரோவர்த் தண்ணீர் என்று விரல் நீளத்தில் ஒரு செம்புக் குப்பியைத் தந்துவிட்டுப் போனாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? நான் முதலில் மூடியை மோந்து பார்த்தேன். எங்கள் அம்மா எனக்குக் கொடுத்த சீதனம் சந்தேகம்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகாத சமயம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை, அம்மாவுக்கு மைனி, படுத்த படுக்கையாக எங்கள் வீட்டில் கிடந்தாள். மானசரோவரில் ஒரு முங்கு போட வேண்டும் என்பது அவளது வெகுநாள் ஆசை. கால் விழுந்த பிறகு, அந்த ஏரித் தண்ணீர் ஒரு மடக்கு நாக்கில் பட்டால் போதும் என்று ஆசையைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்காகவே சித்தப்பா யாத்திரை கிளம்பினார். ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பியும் வந்தார்.

அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் உதட்டைப் பார்த்தாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்:

"பனிக்குள்ள போய்ட்டு வந்த மனுசனுக்கு ஒதடு வெடிக்கலையே? மதுரையோட திரும்பியிருப்பாவ. கிணத்துத் தண்ணிய ஊத்தி மைனிய ஏமாத்த என்னால முடியாதுட்டி."

கரிசல்காட்டில் தண்ணீரின் யோக்கியதையைப் பருப்புதான் சொல்லும். கிணற்று உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் எரித்தாலும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும். குக்கர் வராத காலம். பெண் கொடுக்கிறவர்கள்கூட, "அங்கன பருப்பு வேகுமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள்.

அம்மா பாதிச் சொம்பை அடுப்பில் வைத்துப் பருப்பைப் போட்டாள். வெண்ணெயாகக் கரைந்தது. சித்தப்பா பொய் சொல்லவில்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அசையவில்லை.

"கழுகுமலை ஊருணித் தண்ணியிலயும் இப்படித்தாம்ட்டி வேகும். இன்னொருக்கா பாப்போம்."

மீதியையும் ஊற்றினாள். கைப்பழக்கத்தில் மஞ்சள்பொடி வேறு. இந்தத் தடவையும் வெந்தது. காலிச் சொம்பைப் பார்த்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "ஏட்டி, தண்ணி வந்துட்டாமே?"

அம்மா பருப்புத் தண்ணீரை இறுத்து, ஆற்றி, கரண்டியில் கொண்டுபோய் ஊட்டினாள். அத்தை கண்ணை மூடி விழுங்கினாள்.

"ஏரில மஞ்சப்பொடியுமா போடுதாவ?"

அம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சந்தேகப்பட்டு வேக வச்சுட்டேன் மைனி."

"வெந்துச்சா?"

"வெந்துச்சு மைனி."

"அப்ப அதுதான். இன்னொரு கரண்டி ஊத்து."

அந்த வாரமே அத்தை போய்விட்டாள். அம்மா நம்பினாளா என்று கேட்கிறீர்களா? காரியத்தன்றும் அவள் சித்தப்பாவின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் தெருக் கிணற்றை மூடியாயிற்று. வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர். எந்தத் தண்ணீரானாலும் குக்கரில் பருப்பு வெந்துவிடுகிறது. குப்பியைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். வேக வைத்துப் பார்த்தால்தான் என்ன? "வெந்துச்சா?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.