வெயிலில் பச்சையடித்த கதவு

ஒர்க்‌ஷாப்பில் என் கார்க் கதவுக்குப் பெயின்ட் பூசும்போது தின்னர் வாசனை அடித்ததும் ராயபுரத்து வீட்டில் நின்ற எங்கள் நீல வேன் நினைவுக்கு வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டப் பழகும்போது அம்மா அதன் கதவைச் சுவரில் உரசிவிட்டாள். இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள்.

சாயப்பட்டறை மாஸ்டரான அப்பா, வேனின் நீலத்துக்குப் பொருத்தமாக ஒரு துணிக்குச் சாயமேற்றி, அதைப் பெயின்டரிடம் சாம்பிளாகக் கொடுத்தார். டியூப்லைட்டில் அப்படியே பொருந்திய கதவு, வெயிலுக்கு வந்ததும் பச்சையடித்தது.

"ஏனுங்க, துணி வாங்குற வெளிநாட்டு பையர் பாத்தா ரிஜெக்ட்டுங்களா?" என்று அம்மா அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

"நீ பாஸ் பண்ணீரு," என்று சாவியை நீட்டினார் அப்பா.

அதன்பின் பள்ளி வாசலில் அத்தனை வேன்களுக்கு நடுவே அந்தக் கதவைப் பார்த்துத்தான் அம்மாவிடம் ஓடுவேன்.

"எந்தக் கதவுக்கு அடிச்சோம்னு சொல்லுங்க பாக்கலாம்," என்றார், இப்போது என் காரை வெயிலில் நிறுத்திய ஒர்க்‌ஷாப் பெயின்டர். வித்தியாசமே தெரியவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.